பழசு வாங்குவது, பழுது பார்ப்பது, விற்பது, இலவசமாகப் பெறுவது: எதில் உண்மையாகவே பணம் மிச்சமாகிறது?

கூழாங்கல்:

வணக்கம் நண்பர்களே. வீட்டுச் செலவைக் குறைப்பது பற்றிக் கேட்டால் எல்லோரும் நான்கு யோசனைகளைத்தான் சொல்கிறார்கள். செகண்ட் ஹேண்டில் வாங்கு, கெட்டுப்போனதைச் சரிசெய், வேண்டாததை விற்றுக் காசாக்கு, சும்மா கிடைப்பதை விட்டுவிடாதே. நான்கையும் செய்து பார்த்துவருகிறேன். நான்குக்கும் ஒரே மதிப்பெண் கொடுக்க முடியாது என்று நினைக்கிறேன்.

ஏற்கெனவே வீட்டில் இருக்கும் பொருளின் ஆயுளை நீட்டுவதுதான் முதலிடம். மற்ற மூன்றும் அதற்குப் பிறகுதான். பழைய சாமான் கடைக்குள் போனால் எல்லாமே மலிவாகத் தெரியும். மலிவாகக் கிடைத்தது என்பதற்காக வாங்கியது சேமிப்பில் சேராது, அது செலவுதான். அதனால் போனில் ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன். என்ன தேவை, எந்த அளவில் தேவை என்று அதில் இருக்கும். சுவரோரம் காலியாக உள்ள இடத்தின் நீளம், மேசையின் உயரம், சட்டையின் தோள் அளவு, ஜன்னலின் அகலம் எல்லாம் குறித்துவைத்திருக்கிறேன். பையில் ஒரு சின்ன டேப்பும் உண்டு. பட்டியலில் உள்ளது பழையதாகக் கிடைத்தால் வாங்குவேன். கடையில் பார்த்த பிறகு முளைத்த தேவை என்றால் கையில் எடுத்ததையும் திரும்ப வைத்துவிடுவேன்.

உங்களிடம் கேட்க நினைப்பது மூன்று. எந்தப் பொருளைப் பழையதாக வாங்கவே கூடாது? எந்த இடத்தில் ரிப்பேரை நிறுத்திவிட்டுப் புதிது வாங்க வேண்டும்? வாங்கி விற்பதைப் பக்க வருமானமாகச் செய்பவர்கள், அது பட்ட பாட்டுக்குத் தகுந்த பலன் தருகிறதா என்று மனம் திறந்து சொல்லுங்கள்.

---

ஈயப்பற்று:

நல்ல கேள்வி கூழாங்கல். நான் ரிப்பேர் வேலையிலதான் இருக்கேன், அதனால ரெண்டாவது கேள்விய நான் எடுத்துக்கறேன். கொஞ்சம் நீளமா வரும், பொறுத்துக்குங்க.

"செத்துப் போச்சு"ன்னு தூக்கிப் போடுற சாமான்ல பெரும்பாலும் முழு மெஷினும் சாகறதில்ல, ஒரு சின்ன பார்ட்தான் போயிருக்கும். சீலிங் ஃபேன் மெதுவா சுத்துதா? மோட்டார் போச்சுன்னு முடிவு கட்டாதீங்க, முதல்ல கெபாசிட்டரப் (மோட்டார் சுத்த உதவுற சின்ன டப்பா மாதிரி பார்ட்) பாருங்க. அது மேலயே மைக்ரோஃபாரட் அளவும் வோல்டேஜும் அச்சாகியிருக்கும். அதே மைக்ரோஃபாரட்ல, வோல்டேஜ் குறையாம வாங்கி, மெயின் ஸ்விட்ச ஆஃப் பண்ணிட்டு மாத்தணும். பழைய மானிட்டர், டிவி ஆன் ஆகாம விட்டு விட்டு மினுக்குதுன்னா பவர் போர்டுல இருக்குற கெபாசிட்டரோட தலை உப்பியிருக்கான்னு பாப்போம். தட்டையா இருக்க வேண்டிய மேல்பக்கம் புடைச்சிருந்தா ஆள் சிக்கிட்டான்.

வாஷிங் மெஷின்ல தண்ணி வெளிய போகலன்னா, முன்பக்கம் கதவு வச்ச மாடல்ல கீழ ஒரு சின்ன மூடி இருக்கும். அதுக்குள்ள டிரெயின் ஃபில்டர். காசு, பட்டன், ஹேர்பின், குழந்தை சாக்ஸ் எல்லாம் அங்கதான் போய் அடைச்சுக்கும். கீழ ஒரு தட்டும் பழைய துணியும் வச்சுட்டுத் திறங்க, உள்ள நின்ன தண்ணி மொத்தமும் கொட்டும். டிரம் சுத்தலைன்னா மோட்டார்ல கார்பன் பிரஷ் இருக்கான்னு பாருங்க. அது தேயறதுக்குன்னே செஞ்ச பார்ட், ரெண்டையும் சேத்துத்தான் மாத்தணும். புது இன்வெர்ட்டர் மோட்டார்ல பிரஷ்ஷே கிடையாது, அதுல போர்டு போச்சுன்னா செலவு வேற மாதிரி.

போன் சார்ஜ் ஏறலைன்னு வர்றவங்கள்ல நிறைய பேருக்கு நான் பண்றது, போனை ஆஃப் பண்ணி, சார்ஜிங் ஓட்டையில அமுங்கிக் கிடக்குற பாக்கெட் பஞ்ச மரக் குச்சியால மெல்ல எடுத்து விடறதுதான். உலோக ஊசி வேண்டாம், உள்ள பின் வளைஞ்சிடும்.

வீட்டுல தொடவே கூடாதது ரெண்டு இருக்கு. மைக்ரோவேவ் அவன்: பிளக்கப் பிடுங்கின பிறகும் உள்ள கெபாசிட்டர்ல ஆளைக் கொல்ற அளவு வோல்டேஜ் நிக்கும். ரெண்டாவது, உப்பிப் போன லித்தியம் பேட்டரி. அதை அமுக்கறது, குத்தறது, குப்பையில போடறது எதுவும் வேண்டாம். சார்ஜ் போடறத நிறுத்திட்டு, மின்கழிவு வாங்குற இடத்துல சேத்துடுங்க.

எங்க நிறுத்தணும்? ரிப்பேர் செலவு புது விலையில பாதிய தாண்டினா விட்டுருன்னு பொதுவா சொல்லுவாங்க. எனக்கு அந்தக் கணக்கு பிடிக்காது. ரிப்பேருக்கு அப்புறம் இன்னும் எத்தனை வருஷம் ஓடும்னு பாத்து அதால வகுங்க. புதுசோட விலையையும் அதே மாதிரி வகுங்க. வருஷத்துக்கு எது கம்மியோ அதுதான் லாபம். ஒரே ஒரு விதிவிலக்கு, இருபத்து நாலு மணி நேரமும் கரண்ட் குடிக்கிற சாமான். ரொம்பப் பழைய ஃபிரிட்ஜ நீங்க காசே இல்லாம வாங்கினாலும் கரண்ட் பில்லுல அது கறந்துடும். பிளக்குல மாட்டுற வாட் மீட்டர் ஒண்ணு கடன் வாங்கி ரெண்டு நாள் அளந்து பாத்துட்டு முடிவு பண்ணுங்க. கதவு ரப்பரையும் சோதிங்க. ஒரு தாளை இடுக்கிக் கதவச் சாத்தி இழுத்தா சுலபமா வரக் கூடாது.

---

ஊசிநூல்:

தம்பி மெஷினைப் பத்திச் சொல்லிட்டார், நான் துணியைப் பத்திச் சொல்றேன். பழைய துணி வாங்கறப்ப பிராண்ட் சீட்டைப் பார்க்காதீங்கம்மா, தையலைப் பாருங்க. உள்பக்கம் திருப்பி, ஓரத்துல எவ்வளவு துணி விட்டுத் தைச்சிருக்காங்கன்னு பார்க்கணும். ஒரு விரல் அகலம் விட்டிருந்தா நாளைக்குப் பிரிச்சுப் பெரிசாக்கலாம். ஓவர்லாக் (ஓரத்து நூல் பிரியாம சுத்தித் தைக்கிற மெஷின் தையல்) ஓட்டி ஓரத்தை ஒட்ட வெட்டியிருந்தா அந்தத் துணியில அளவு கூட்ட வழியே இல்ல. வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சா அக்குள், தொடை, முழங்கை எங்க இழை மெலிஞ்சிருக்குன்னு தெரிஞ்சிடும். கறையும் கிழிசலும் சரி பண்ணலாம். மெலிஞ்ச துணியைச் சரி பண்ண முடியாது, ஒரு இடத்துல தைச்சா பக்கத்துல கிழியும்.

பருத்தியா பாலியெஸ்டரான்னு சந்தேகம் வந்தா, வீட்டுக்கு வந்த பிறகு ஓரத்துல ஒரு இழை உருவி நெருப்புல காட்டுங்க. பருத்தி காகிதம் எரியற வாசனையோட மெத்து சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகிடும். கம்பளி, பட்டு ரெண்டும் முடி பொசுங்கற நாத்தம் வரும். குழாயடியில, இடுக்கியால பிடிச்சுச் செய்யுங்க.

ஜிப் கெட்டுப்போச்சுன்னு நல்ல பையையும் ஜாக்கெட்டையும் தூக்கிப் போடறாங்க. பல்லு ஒண்ணும் உடையலைன்னா கோளாறு ரன்னர்லதான். இழுத்து இழுத்து ரன்னரோட வாய் அகண்டு போயிருக்கும், அதனால ரெண்டு பக்கத்துப் பல்லையும் கோக்காது. பிளையரால ரன்னரோட ரெண்டு ஓரத்தையும் கொஞ்சம் கொஞ்சமா அமுக்கினா கொஞ்ச நாள் ஓடும். நிரந்தரமா வேணும்னா ரன்னரை மட்டும் மாத்தணும். ரன்னரோட பின்பக்கத்துல பெரும்பாலும் நம்பர் இருக்கும், அதே நம்பர் ரன்னரா கேளுங்க.

சட்டைக் காலர் மடிப்புல நைந்து போனா காலரை மட்டும் பிரிச்சு, திருப்பி வச்சுத் தைக்கிறது பழைய வழக்கம். உள்பக்கம் புதுசாத்தான் இருக்கும். இன்னைக்குத் தையல்காரர்கள்கிட்ட கேட்டா ஆச்சரியமாப் பார்க்கறாங்க, ஆனா அரை மணி நேர வேலைதான்.

---

தராசு:

மூன்றாவது கேள்விக்கு என் பதில் கடுமையாக இருக்கும். கோபத்தில் எழுதவில்லை, நெடுநாள் யோசித்து எழுதுகிறேன்.

நன்கொடைப் பொருள் விற்கும் கடை இல்லாதவர்களுக்காக இருக்கிறது. அங்கே காலையிலேயே போய், நல்லதை எல்லாம் பொறுக்கியெடுத்து, இரண்டு மடங்கு மூன்று மடங்கு விலை வைத்து இணையத்தில் விற்பதைச் சிக்கனம் என்று நான் சொல்ல மாட்டேன். பள்ளி திறக்கும் மாதத்தில் பிள்ளைக்கு ஷூ தேடி வரும் தாய் வெறும் அலமாரியைப் பார்த்துவிட்டுப் போகிறாள். இப்படி வாங்கி விற்பவர்கள் கூடக் கூட, கடைக்காரரும் "இது இணையத்தில் என்ன விலை போகிறது" என்று பார்த்து விலையை ஏற்றிவிடுகிறார். நான் ஒரு நன்கொடைக் கடையில் தன்னார்வலராக வேலை செய்கிறேன். விலைச் சீட்டு ஒட்டும் மேசையில் இந்த மாற்றத்தைக் கண்ணால் பார்க்கிறேன்.

கூழாங்கல், உங்களுக்குப் பக்க வருமானம் வேண்டுமென்றால் உங்கள் வீட்டில் இருப்பதை விற்றுத் தொடங்குங்கள். மற்றவர்களுக்காக வைத்திருப்பதை எடுத்து விற்க வேண்டாம்.

---

பழம்பதிப்பு:

தராசு அவர்களுக்கு, உங்கள் கவலையை மதிக்கிறேன். அதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன், பாதியை மறுக்கிறேன்.

குழந்தைகளின் காலணி, குளிருக்கான மேலங்கி, பெரிய அளவு உடைகள், சமையல் பாத்திரம் ஆகியவை எப்போதும் பற்றாக்குறையில் இருப்பவை. இவற்றை விற்பதற்காக எடுக்கக் கூடாது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் மொத்தத்தில் உலகில் பழைய துணிக்குப் பஞ்சமில்லை. நன்கொடையாக வந்ததில் விற்காமல் தேங்குவது பொதி பொதியாகக் கட்டப்பட்டுக் கடல் தாண்டிப் போகிறது. கானா நாட்டின் அக்ரா நகரில் உள்ள கன்டமான்டோ சந்தை அப்படி வரும் பொதிகளால் வாழ்வது. அங்கே பொதியைப் பிரித்து, துவைத்து, தைத்து, சாயம் போட்டு மறுபடி விற்பவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். 2025 ஜனவரியில் நடந்த தீ விபத்தில் அந்தச் சந்தையின் பெரும்பகுதி எரிந்துபோனது. உழைத்து ஒரு பொருளை மறுபடி பயன்படும்படி செய்து விற்பதை நான் தவறாக நினைக்கவில்லை.

அமெரிக்காவில் நன்கொடைப் பொருள் கடைகளை நடத்தும் குட்வில் அமைப்பு 1902இல் பாஸ்டனில் தொடங்கியதும் இந்த எண்ணத்தில்தான். எட்கர் ஹெல்ம்ஸ் என்ற பாதிரியார் வசதியுள்ளவர்களிடம் பழைய துணியையும் சாமானையும் திரட்டினார். வேலையற்றவர்களை அமர்த்தி அவற்றைப் பழுது பார்க்க வைத்து விற்றார். அந்தக் கூலிதான் அன்று அவர் செய்த உதவி.

நான் விற்பது புத்தகங்கள். பாடப்புத்தகம் என்றால் ஐஎஸ்பிஎன் எண்ணையும் (புத்தகத்தின் தனி அடையாள எண்) பதிப்பையும் பார்க்க வேண்டும். பதிப்பு ஒன்று மாறினாலும் மதிப்பு சரிந்துவிடும். விலை போடும்போது, விற்பவர்கள் கேட்கும் விலையை நான் பார்ப்பதில்லை. விற்று முடிந்த விலையை மட்டும் பார்க்கிறேன். யார் வேண்டுமானாலும் எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கலாம், வாங்கியவர் கொடுத்ததுதான் விலை. படத்தைப் பகல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல் எடுக்கிறேன். கிழிந்த பக்கம், அடிக்கோடு, ஈரக் கறை எது இருந்தாலும் அதற்குத் தனிப் படம் போட்டுவிடுவேன். குறையை முதலிலேயே காட்டினால் திருப்பியனுப்புவது வெகுவாகக் குறையும்.

பலனைப் பற்றிக் கேட்டீர்கள். தளத்தின் கட்டணம், தபால், உறை, டேப், பயணம், வரி இவற்றைக் கழியுங்கள். தேடியது, படமெடுத்தது, கேள்விகளுக்குப் பதில் சொன்னது, பொட்டலம் கட்டியது என எல்லா நேரத்தையும் கூட்டுங்கள். மிச்சத்தை அந்த நேரத்தால் வகுத்தால் ஒரு மணிக்கு என்ன கிடைத்தது என்று தெரியும். பலருக்கும் அந்த எண் ஒரு பகுதிநேர வேலையின் கூலியைத் தொடாது. தனக்கு ஆழமாகத் தெரிந்த ஒரே வகையில் நிற்பவருக்குத் தொடும், ஏனென்றால் அவர் பார்த்த மாத்திரத்தில் தரம் பிரிப்பார். கேமராவோ கைக்கடிகாரமோ புத்தகமோ, ஒன்றைப் பிடியுங்கள். வீடு நிறைய வகை வகையாகச் சேர்ப்பவருக்குக் கடைசியில் குடோன் வாடகைதான் மிஞ்சும்.

---

இரவுப்பறவை:

நான் காலேஜ் ஹாஸ்டல்ல இருக்கேன், விக்கறதுக்கு ஒண்ணுமில்ல. அதனால நாலாவது விஷயம் பத்தி மட்டும் சொல்றேன்.

இலவசம்னா எல்லாரும் சாம்பிள் பாக்கெட்டையும் கூப்பனையும் நினைக்கறாங்க. எனக்கு நிஜமா காசு மிச்சம் பண்றது லைப்ரரி கார்டு. புத்தகம் மட்டும் இல்ல. நிறைய பொது நூலகங்கள்ல மின்னூல், ஆடியோ, செய்தித்தாள், பிரிண்டர், படிக்கற அறை எல்லாம் அதே கார்டுல வருது. கேட்டாத்தான் சொல்லுவாங்க. தேடற புத்தகம் இல்லைன்னா வேற நூலகத்துல இருந்து வரவழைச்சுத் தர்ற ஏற்பாடும் பல இடத்துல இருக்கு. அமெரிக்காவுல பெர்க்லி நூலகம் 1979ல இருந்தே டிரில், ஏணி, ரம்பம் எல்லாம் இரவல் குடுக்குது. வருஷத்துக்கு ஒரு தடவ சுவத்துல ஓட்டை போட ஒவ்வொரு வீட்டுலயும் ஒரு டிரில் எதுக்கு?

ஆன்லைன்ல: புராஜெக்ட் குட்டன்பர்க், 1971ல மைக்கேல் ஹார்ட் ஆரம்பிச்சது. காப்புரிமை முடிஞ்ச புத்தகங்கள் பல்லாயிரம் இருக்கு. தமிழுக்கு மதுரைத் திட்டம், 1998ல இருந்து தன்னார்வலர்கள் தட்டச்சு பண்ணிப் போட்டுட்டு வர்றாங்க, சங்க இலக்கியம் முழுசும் அங்க இருக்கு. ஆடியோவுக்கு லிப்ரிவாக்ஸ். அமெரிக்காவுல இருக்கற எம்ஐடி பல்கலைக்கழகத்தோட பாடக்குறிப்புகள், தேர்வுத்தாள்கள் ஓப்பன் கோர்ஸ்வேர்ல திறந்து கிடக்கு. ஆபீஸ் சாஃப்ட்வேருக்கு லிப்ரே ஆபீஸ், படத்துக்கு கிம்ப், 3டிக்கு பிளெண்டர். இதுல எதுவும் கார்டு நம்பர் கேக்காது.

பொருள் வேணும்னா ஃப்ரீசைக்கிள் மாதிரி குழு. அது 2003ல அரிசோனாவுல டூசான் நகரத்துல ஆரம்பிச்சது. குடுக்கறவங்க காசு கேக்கக் கூடாதுங்கறது அங்க விதி. நீங்க இருக்கற பக்கமும் இதே மாதிரி ஏதாவது குழு இருக்கும், தேடிப் பாருங்க. "ஃப்ரீ டிரையல்" மட்டும் ஜாக்கிரதை. சேர்ந்த அன்னிக்கே கேன்சல் பண்ணிடுவேன். பெரும்பாலும் மீதி நாள் ஓடும். ஓடலைன்னா முடியற தேதிக்கு ரெண்டு நாள் முன்னாடி அலாரம்.

---

தராசு:

இரவுப்பறவை சொன்னதை முழு மனதோடு வழிமொழிகிறேன். நூலகத்தை எவ்வளவு பயன்படுத்தினாலும் யாருக்கும் குறைந்துபோகாது. பயன்படுத்தினால்தான் அதற்கு நிதி ஒதுக்கக் காரணமும் இருக்கும்.

கடைகளின் பாயின்ட், கேஷ்பேக் விஷயத்தில் ஒன்று மட்டும் சொல்கிறேன். எப்படியும் வாங்கப்போகும் பொருளுக்குப் பாயின்ட் கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். பாயின்டுக்காகக் கூட ஒரு பொருள் வாங்கினால் கடைக்காரரின் கணக்கு பலித்துவிட்டது. கிரெடிட் கார்டில் பாக்கி வைத்துக்கொண்டே போனால், சேர்ந்த சலுகையை வட்டி விழுங்கிவிடும். நீங்கள் எதை, எப்போது, எவ்வளவு வாங்குகிறீர்கள் என்ற விவரத்தையும் அந்தக் கார்டு வாங்கிக்கொள்கிறது. அதற்கும் விலை உண்டு.

பழம்பதிப்பு, உங்கள் பதிலுக்கு நன்றி. பழுது பார்த்து விற்பதை நான் எதிர்க்கவில்லை. எதுவும் செய்யாமல் அலமாரியிலிருந்து எடுத்து அப்படியே விலையேற்றுவதைத்தான் எதிர்க்கிறேன். பொதிகள் கடல் தாண்டிப் போகின்றன என்பது உண்மை. ஆனால் அந்தப் பொதிக்குள் கடைசியாகப் போவது யாரும் எடுக்காத மட்டமான துணி. நல்லதை முதலில் எடுத்தவர் யார் என்பதுதான் என் கேள்வி, அது இன்னும் அப்படியே நிற்கிறது.

---

பழம்பதிப்பு:

ஏற்றுக்கொள்கிறேன். அந்தக் கேள்விக்கு என்னிடம் முழுமையான பதில் இல்லை. நான் கடைப்பிடிப்பது இரண்டு. நன்கொடைக் கடையில் வாங்கிய எதையும் விற்பதில்லை. வீடு காலி செய்பவர்களிடமும் நூலகம் கழிக்கும் பிரதிகளிலும் மட்டும் வாங்குகிறேன்.

கூழாங்கல் அவர்களுக்கு ஒரு கூடுதல் தகவல். உடைந்ததும் விற்கும். ஈபே என்ற இணைய ஏலத் தளம் 1995இல் தொடங்கியபோது அதன் நிறுவனர் பியர் ஒமிட்யார் விற்ற முதல் பொருள் பழுதான ஒரு லேசர் பாயின்டர். உடைந்தது என்று தெரியுமா என்று கேட்டதற்கு, பழுதான லேசர் பாயின்டர்களைத்தான் சேகரிக்கிறேன் என்று வாங்கியவர் சொன்னாராம். உங்கள் வீட்டில் வேலை செய்யாத கேமரா, லேப்டாப் இருந்தால் "உதிரி பாகத்துக்காக" என்று தெளிவாக எழுதிப் போடுங்கள். ஈயப்பற்று போன்றவர்கள் தேடி வருவார்கள்.

---

ஈயப்பற்று:

வருவோம் சார், கண்டிப்பா! ஸ்க்ரீன் உடைஞ்ச லேப்டாப்ல கீபோர்டும் போர்டும் நல்லா இருக்கும். தண்ணி பட்டதுல ஸ்க்ரீன் நல்லா இருக்கும். ரெண்டையும் சேத்தா ஒரு பையன் படிக்கறதுக்கு மெஷின் ரெடி.

லேப்டாப் பேச்சு வந்ததால இதையும் சொல்லிடறேன். விண்டோஸ் 10க்கு வழக்கமான சப்போர்ட் 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சிருச்சு. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0ங்கற பாதுகாப்பு சிப் கேக்குது, இன்டெல்ல எட்டாவது தலைமுறைக்கு முந்தின பிராசஸர்களப் பெரும்பாலும் ஒத்துக்காது. அதனால நல்லா ஓடற மெஷின்களே நிறைய சந்தைக்கு வருது. ஹார்டு டிஸ்க்க எடுத்துட்டு அதைவிட வேகமான எஸ்எஸ்டி போட்டு, விண்டோஸுக்குப் பதிலா இலவசமா கிடைக்கற லினக்ஸ் மின்ட் ஏத்தினா எழுத, படிக்க, பிரவுசர் பாக்க இன்னும் பல வருஷம் போகும். கம்பெனிகள் மொத்தமா மாத்தறப்ப வர்ற பிசினஸ் மாடல் கிடைச்சா அதையே எடுங்க, ஸ்க்ரூவக் கழட்டித் திறக்கற மாதிரி இருக்கும். வாங்கறதுக்கு முன்னாடி ராம் போர்டோட ஒட்டினதா, தனியாக் கழட்டறதான்னு பாருங்க. பயாஸ் பாஸ்வேர்டு (மெஷின் ஆன் ஆகறப்பவே கேக்கற பூட்டு) இல்லைன்னும், பழைய கம்பெனி தூரத்துல இருந்தே பூட்டற ரிமோட் லாக் இல்லைன்னும் எதிர்லயே ஆன் பண்ணிப் பாத்துட்டுத்தான் காசு குடுக்கணும்.

இதெல்லாம் எதுக்கு இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, ஐ.நா. பங்கெடுத்த அறிக்கைப்படி 2022ல மட்டும் உலகத்துல 6.2 கோடி டன் மின்கழிவு சேந்திருக்கு. அதுல முறையா சேகரிச்சு மறுசுழற்சி பண்ணதாப் பதிவானது 22.3 சதவீதம்தான். அதுல எவ்வளவு ஓடக்கூடிய மெஷின்னு நெனச்சா மனசு கேக்கல.

சட்டமும் மெதுவா நம்ம பக்கம் வருது. ஃபிரான்ஸ்ல 2021 ஜனவரில போன், லேப்டாப், டிவி மேல "எவ்வளவு சுலபமா ரிப்பேர் பண்ணலாம்"னு பத்துக்கு ஒரு மார்க் ஒட்டணும்னு விதி கொண்டு வந்தாங்க. ஐரோப்பிய ஒன்றியத்துல 2025 ஜூன் 20க்கு அப்புறம் சந்தைக்கு வர்ற போனுக்கு, விற்பனைய நிறுத்தினப்புறமும் ஏழு வருஷம் முக்கிய உதிரி பாகம் குடுக்கணும், பேட்டரி 800 தடவ சார்ஜ் ஆனப்புறமும் 80 சதவீதம் தாங்கணும். நீங்க எந்த நாட்டுல இருந்தாலும் அதே மாடலுக்கு ரிப்பேர் மார்க் எங்கயாவது குடுத்திருந்தா அதப் பாத்துட்டு வாங்கலாம்.

---

கூழாங்கல்:

எவ்வளவு விவரங்கள்! ஒவ்வொருவருக்கும் நன்றி. முதல் கேள்விக்கு மட்டும் இன்னும் பதில் முழுசாக வரவில்லை. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், விட்டதைச் சேருங்கள்.

ஹெல்மெட், குழந்தைக்கான கார் சீட் இரண்டையும் பழையதாக வாங்க மாட்டேன். ஹெல்மெட்டின் உள்ளே இருக்கும் நுரை ஒருமுறை அடி வாங்கி நசுங்கினால் மறுபடி எழாது, வெளியே பார்த்தால் தெரியவும் தெரியாது. டயர் வாங்கினால் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணைப் பார்க்க வேண்டும். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. பழைய வண்ணப் பீங்கானில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு, அதில் சாப்பாடு பரிமாறுவதில்லை.

மரச் சாமானில் நான் டிராயரை முழுக்க வெளியே இழுத்துப் பின்பக்கம் பார்ப்பேன். பலகைகள் விரல் கோத்தாற்போல் ஒன்றுக்குள் ஒன்று இறங்கியிருந்தால் நல்ல வேலை. வெறும் ஆணியும் பசையும் என்றால் யோசிப்பேன். மரத்தூளை அழுத்திச் செய்த பலகை ஈரம் பட்டால் உப்பிவிடும், ஒருமுறை கழற்றிய திருகாணி மறுபடி பிடிக்காது. ஊசித்துளையும் அதன் கீழே மாவு போன்ற தூளும் இருந்தால் உள்ளே பூச்சி இன்னும் வேலை செய்கிறது. எவ்வளவு அழகாக இருந்தாலும் வீட்டுக்குள் கொண்டுவர மாட்டேன்.

---

ஊசிநூல்:

மூட்டைப்பூச்சியை விட்டுட்டீங்களேம்மா. பழைய மெத்தை வேண்டவே வேண்டாம். சோபான்னா தையல் மடிப்பு, அடிப்பக்கத் துணி எல்லாம் டார்ச் அடிச்சுப் பார்க்கணும். மிளகு தூவினாப்ல கறுப்புப் புள்ளி இருந்தா வந்த வழியே திரும்பிடுங்க. துணியை வீட்டுக்குக் கொண்டு வந்ததும் பையைக் கட்டியபடியே நேரா துவைக்கப் போடணும். டிரையர் இருந்தா அதிகச் சூட்டில அரை மணி நேரம் ஓட்டினா பூச்சியும் முட்டையும் போகும். சூடு ஆகாத கம்பளி, பொம்மை மாதிரி சாமான்னா மைனஸ் 18 டிகிரி ஃபிரீசர்ல நாலு நாள். சும்மா வெயில்ல போட்டா அது நிழல் பார்த்து உள்ளே போயிடும், நம்பாதீங்க.

அப்புறம் ரிப்பேர் கஃபேன்னு ஒண்ணு இருக்கே, யாரும் சொல்லலை. 2009ல ஆம்ஸ்டர்டாம்ல மார்ட்டீன் போஸ்ட்மான்னு ஒரு பத்திரிகையாளர் ஆரம்பிச்சாங்க. கெட்டுப்போன சாமானைக் கொண்டு போனா, கத்தவங்க பக்கத்துல உட்கார்ந்து நம்ம கையாலயே சரி பண்ண வைப்பாங்க. இப்ப பல நாட்டுல நடக்குது. நான் எங்க கூட்டத்துல தையல் மேசையில உட்கார்றேன். பொத்தான் தைக்கத் தெரியாம வர்ற இளவட்டம் ரெண்டாவது தடவை தன் சிநேகிதனோட பேன்ட்டைத் தூக்கிட்டு வர்றப்ப எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

---

இரவுப்பறவை:

ஊசிநூல் அம்மா, எங்க ஹாஸ்டல்ல அதை ஆரம்பிக்கலாமான்னு யோசிக்கறேன்! ஈயப்பற்று அண்ணா, ஒரு உதவி. ஸ்டோர் ரூம்ல சீனியர்கள் விட்டுட்டுப் போன போன்கள் கிடக்கு. அவங்ககிட்ட கேட்டாச்சு, வித்து ஹாஸ்டல் நிதிக்கு எடுத்துக்கச் சொல்லிட்டாங்க. விக்கறதுக்கு முன்னாடி என்னென்ன செய்யணும்?

---

ஈயப்பற்று:

ரீசெட் அடிச்சா போதும்னு நெனச்சுடாதீங்க தம்பி. முதல்ல அந்த சீனியர்கள் அவங்க கூகுள் அக்கவுன்ட், ஆப்பிள் அக்கவுன்ட்ல இருந்து அந்த போனை எடுத்து விடணும். அவங்க எடுக்காம நீங்க ரீசெட் பண்ணா, ஆன் ஆனதும் பழைய அக்கவுன்ட் பாஸ்வேர்டு கேட்டு நிக்கும். வாங்கினவருக்கு அது செங்கல்தான். எடுத்து விட்டப்புறம் ஃபேக்டரி ரீசெட் பண்ணி, முதல் செட்டப் திரை வரைக்கும் வருதான்னு பாருங்க.

*#06# அடிச்சா அந்த போனோட அடையாள நம்பரான 15 இலக்க ஐஎம்இஐ வரும். அதைக் குறிச்சு, திருட்டுப் பட்டியல்ல இல்லைன்னு உங்க நாட்டுத் தளம் இருந்தா அதுல சரி பாருங்க. சிம் தட்டையும் மெமரி கார்டையும் மறக்காம வெளிய எடுங்க, அதுல இன்னொருத்தரோட படமும் நம்பரும் இருக்கும். முதுகு உப்பின போன் எதுவும் இருந்தா அதை விக்காதீங்க, தனியா வைங்க, சார்ஜ் போடாதீங்க.

விளம்பரத்துல பேட்டரி எவ்வளவு தாங்குதுன்னு உள்ளதை எழுதிடுங்க. ஆள் நடமாட்டம் உள்ள இடத்துல, பகல்ல சந்திங்க. கேட்ட விலைக்கு மேல அனுப்பிட்டேன், மிச்சத்தைத் திருப்பி அனுப்புங்கன்னு யாராவது சொன்னா, இல்ல பணம் வாங்கறதுக்கு உங்க பின் நம்பரைப் போடச் சொன்னா அது மோசடி, பேச்சை அங்கயே நிறுத்திடுங்க. எந்தெந்த மாடல்னு இங்க எழுதுங்க, எதுக்கு பேட்டரி மாத்தி விக்கலாம், எதை உதிரிக்குக் குடுக்கலாம்னு பாத்துச் சொல்றேன்.